எல்லம்மாளுக்கு நன்றி

எனக்கு இந்த சாஃப்ட்வேரைக் கண்டாலே எரிச்சல். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அதில் ஏற்றினால், முன்பு ஏற்றியவற்றோடு ஒத்துப்போகும் வரிகளையெல்லாம் சிவப்பில் காட்டும். முதலில் ஏற்றியவன் யோக்கியன், பிறகு ஏற்றியவன் திருடன். அவ்வளவுதான் அதன் ஞானம்.

திருப்போரூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. வகுப்பு எடுக்கிறேன். என் மாணவி ஷாரோனின் ரிப்போர்ட்டைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு. ரஞ்சித்குமாரும் கலையரசனும் அதையே அவளுக்கு முன்பே ஏற்றியிருந்தார்கள்.

ஆனால் அது ஷாரோனுடையது. மறைமலைநகர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்களின் தூக்கத்தைப் பற்றியது. அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவள் தயாரித்த நாளிலிருந்து நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். கோளாறு ஜெராக்ஸ் கடையில். பிரிண்ட் எடுக்க பென் டிரைவ் கொடுத்தால், கடைக்காரன் ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வான். கேட்கிறவனுக்குப் பெயரை மாற்றி பைண்டிங்கோடு கொடுப்பான். ஊருக்கே தெரியும், இருந்தாலும் எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

பையன்கள் இருவரையும் கூப்பிட்டேன். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ். நன்றி சொல்லும் பக்கம் மட்டும் தமிழ். ரஞ்சித்குமார் ஏற்றியதிலும் அது அப்படியே இருந்தது; அதை அவனிடம் நீட்டிப் படிக்கச் சொன்னேன்.

"கம்பெனி பஸ்ஸில் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கூட வேலை செய்பவர்களிடம் பதில் எழுதி வாங்கித் தந்த என் அம்மா எல்லம்மாளுக்கு நன்றி."

"எல்லம்மாள் யாருடா?"

"எங்கம்மா தான் மேடம்."

"உனக்கு?" என்று கலையரசனைக் கேட்டேன்.

அவன் ரஞ்சித்குமாரைப் பார்த்தான். "எங்கம்மாவும்தான் மேடம்."

"உங்கம்மாவுக்கு எந்த ஷிஃப்ட்டு?"

"அம்மா வூட்ல தான் மேடம் கீது."

சிரிப்பு வந்தது, கூடவே அறையலாம் போலவும் இருந்தது. தடுமாறி, கடையில் வாங்கியதை ஒப்புக்கொண்டார்கள். நேரே துறைத் தலைவர் தமிழ்வாணனிடம் போனேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "புரியுது மேடம். ரெண்டு பேரையும் ஃபெயிலாக்குனா ரிசல்ட் படுத்துடும், மேனேஜ்மென்ட்டு என்னைத்தான் கேக்கும். மூணு பேரையும் மாத்தி எழுதி ஏத்தச் சொல்லுங்க. செவப்பு பத்து பர்சன்ட்டுக்குக் கீழ வந்தா பாஸ்."

"ஷாரோன் எதுக்கு சார் மாத்தணும்? அது அவ எழுதினது."

"சாஃப்ட்வேருக்கு அது தெரியாதே மேடம்."

கத்தினேன். வராந்தா வரை கேட்டிருக்கும். அவர் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வேறு ஃபைலை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் இதே கத்தல், இதே ஃபேன். எனக்கு அலுத்துவிட்டது.

நாவலூரில் ஒரு ஆபீசில் ஷாரோனுக்கு வேலை தயாராக இருந்தது. பாஸ் சர்டிபிகேட் இல்லாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். மாற்றச் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பையன்கள் மறுநாளே முடித்துவிட்டார்கள். அதே கடைக்காரன் வரிகளைப் புரட்டிப் போட்டு சிவப்பைக் குறைத்துக் கொடுத்தானாம். அவர்கள் முதலில் ஏற்றியது மட்டும் சாஃப்ட்வேரில் அப்படியே கிடந்தது. ஷாரோன் தானே எழுதியதை எந்த நாளில் ஏற்றினாலும் அது திருட்டுதான். பாவம், தன் வாக்கியங்களையே ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

வாரக் கடைசியில் இரண்டு பைண்டிங்கோடு வந்தாள்.

"பாஸாயிடுச்சு மேடம். அம்மா பேரு இருந்த பக்கம் மட்டும் செவப்பாவே இருந்துச்சு. எடுத்துட்டேன்."

அவள் கையிலிருந்த இரண்டாவது பைண்டிங்கைக் காட்டினேன். 

"இன்னொண்ணு இன்னா?"

"முதல்ல எழுதுனது மேடம். செங்கல்பட்டுல வேற கடையில போட்டேன். பேரு அச்சுல வந்திருக்கான்னு அம்மா தினம் கேட்டுகினே கீது. இதுலயும் ஒரு கையெழுத்து போடுறீங்களா? இது செல்லாதுதான்."

பேனாவைத் திறந்தேன். செல்லாததில் முதலில் போட்டேன்.