மதிலில் வைத்த சப்பாத்து

கடல் ஊருக்குள் வந்து போன சில நாளில் வெள்ளைக்காரர்கள் ஒரு நாயோடு கல்முனைக்கு வந்தார்கள். இடிபாட்டுக்குள் புதைந்த மையித்துகளை, செத்தவர்களின் உடல்களை, மோந்து காட்டும் நாய். கண்ணாடியும் ஆணியும் கிழித்துவிடும் என்று அதன் நாலு காலுக்கும் சிவப்புச் சப்பாத்து. நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! பார்த்து நின்ற றாபியாவின் காலில் செருப்புக்கூட இல்லை. வெட்டுப்பட்ட உள்ளங்காலில் கிழிந்த சாரத்துண்டைச் சுற்றியிருந்தாள்.

மகள் ஹஸ்னா வீட்டோடு புதைந்து கிடந்தாள். எடுத்துக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடக்க வேண்டும், அவ்வளவுதான் றாபியாவுக்கு. ஊரிலோ எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். நாயென்றால் விலகி நடக்கிற, நாயின் எச்சில் பட்டால் மண் போட்டுக் கழுவுகிற ஊர்தான். அன்று ஒருவரும் நாயைத் தடுக்கவில்லை.

அவள் வீட்டு வளவுக்கு முறை வந்தபோது நாய்க்காரன் கையை விரித்தான். ஒரு சப்பாத்து எங்கோ கழன்றுவிட்டதாம். அது இல்லாமல் நாயை இறக்க மாட்டானாம். ஆங்கிலம் தெரிந்த முகம்மது தம்பி மாஸ்டர் தலை குனிந்தபடி இதைச் சொன்னார்.

காலையில் கல்லிடுக்கில் அதைக் கண்டெடுத்தவளே றாபியாதான். பெற்றவர்கள் அடையாளம் காணட்டும் என்று, அகப்பட்ட பிள்ளைகளின் செருப்புகளைப் பள்ளிவாசல் மதிலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் ஒரு பிள்ளையுடையது என்று நினைத்து அங்கே வைத்துவிட்டாள், பாவி. அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினாள்.

மதிலடியில் பக்கத்துத் தெரு மசூதா அந்தச் சப்பாத்தை அழுதபடி முத்தமிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். மூன்று வயது மகனைக் கடலுக்குக் கொடுத்தவள்.

"கட்டார்ல இருந்து மகன்ட வாப்பா அனுப்பினது ராத்தா. ஒரு நாள்தான் போட்டவன்."

றாபியா கெஞ்சிப் பார்த்தாள். மசூதா விடவில்லை. அங்கே ஜீப் ஹோர்ன் அடித்தது.

"தா புள்ள. அது நாய்ட சப்பாத்து."

மசூதா அழுகையை நிறுத்தினாள். உள்ளே ஒட்டியிருந்த மயிரைப் பார்த்தாள். சப்பாத்தை நீட்டிவிட்டு, மண்ணை அள்ளிக் கொஞ்சின வாயைத் தேய்க்கத் தொடங்கினாள். நிறுத்தச் சொல்ல றாபியாவுக்கு நேரமில்லை.

நாய் இறங்கியது. கிணற்றடியில் நின்று குரைத்தது. தோண்டினார்கள். கிடைத்தது ஹஸ்னா இல்லை, மசூதாவின் மகன். வளவு முழுக்க மோந்துவிட்டு நாய் வேறெங்கும் நிற்கவில்லை. ஜீப் போய்விட்டது.

தாய்க்குப் போய்ச் சொல்ல வேண்டுமே. றாபியாதான் போனாள். உதடு வெடித்து இரத்தம் கசிய, மசூதா இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன் கிடைத்துவிட்டான் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் நாய்டதானா, ராத்தா?"