காற்று அழிக்காத தடம்

எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை மணி ஏழரை. பழங்காநத்தத்திலிருந்து வந்த சூரியபிரகாஷின் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. காத்திருந்த மைத்துனன் ராம்கி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“என்ன மச்சான், காட்டுக்கு வாரீங்களா, ஆபீஸுக்குப் போறீங்களா? இந்தச் செருப்பு கண்மாய் வரைக்கும் தாங்குமா?”

“தாங்கும் மாப்ள.”

ராம்கியின் அக்கா சுபலட்சுமி இறந்து எட்டு மாதம். மூன்றே நாள் காய்ச்சல். தன் ஊர்க் காட்டு வழியாகக் கண்மாய்க்கு ஒரு நாள் நடக்கலாம் என்று கல்யாணமான மூன்று வருடமும் அவள் சூரியபிரகாஷைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் என்று மூன்று வருடமும் அவன் சொன்னான். இழவு வீட்டில் அவன் அழவில்லை. கனவில்கூட அவள் வரவில்லை. ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டால் போதும். அந்த ஒன்றுதான் உள்ளே கல்லாகக் கிடந்தது. அதற்காகத்தான் வந்திருந்தான். ராம்கியிடம் சும்மா நடக்க என்று சொல்லியிருந்தான்.

உசிலை மரங்களைத் தாண்டியதும் வேலிக்கருவை அடர்ந்தது. ஆடிக் காற்று மேலே இரைந்தது. கீழே ஓர் இலைகூட அசையவில்லை. ஒரு பறவைச் சத்தமும் இல்லை. ராம்கி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டே முன்னால் நடந்தான்.

“கண்மாய் காஞ்ச மாதிரி தெரியும் மச்சான். நம்பிராதீங்க. மேல ஓடு, கீழ பூராச் சேறு. ஆட்டுப் புழுக்கை கெடக்குற எடத்துல மட்டும் கால வைங்க. ஆடு போன எடம் அமுங்காது.”

காடு சட்டென்று முடிந்தது. ஓடையோரமாகக் காற்று குவித்த மணல்மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஏறும்போது சூரியபிரகாஷ் திரும்பிப் பார்த்தான். இருவரின் கால்தடங்களையும் காற்று அதற்குள் துடைத்திருந்தது.

இரண்டாவது மேட்டின் உச்சியில் வேறொரு தடம் கிடந்தது. வெறுங்கால். சின்னப் பாதம். விளிம்பில் ஒரு மணல்கூடச் சரியவில்லை. இடது கால் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. காளவாசலில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த பிறகு சுபா அப்படித்தான் நடந்தாள்.

ராம்கி அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே மேடிறங்கினான். சூரியபிரகாஷின் நெஞ்சு அடித்துக்கொண்டது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

கண்மாய்க் கரையில் ராம்கி உட்கார்ந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தான். தடம் கரையிறங்கி, வெடித்த மண்ணின் மேல், நடுவில் மின்னிய தண்ணீரை நோக்கிப் போயிருந்தது. அந்தப் பக்கம் ஒரு புழுக்கைகூட இல்லை. சூரியபிரகாஷ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

மூன்றாவது அடியில் ஓடு உடைந்தது. முழங்கால் வரை சேறு இழுத்தது. அவனுக்கு முன்னால் அந்தத் தடம், ஓட்டில் கீறல்கூட விழாமல், போய்க்கொண்டே இருந்தது. இன்னோர் அடி வைக்கலாம் என்று தோன்றியது. அது ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

“மச்சான்! கிறுக்குப் புடிச்சுப்போச்சா?” ராம்கியின் குரல் உடைந்தது. “ஒருத்திய தூக்கிட்டுப் போன பாரமே தோள விட்டு இன்னும் எறங்கல. இன்னொரு தடவ என்னால முடியாது!”

அந்தக் குரல்தான் அவனைப் பிடித்து நிறுத்தியது. குப்புறப் படுத்தான். ராம்கி வீசிய துண்டின் நுனியைப் பற்றி உடம்பெல்லாம் சேற்றோடு கரைக்கு ஊர்ந்தான்.

மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தபோது ராம்கி அவனைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், இது அக்கா நடை.”

“தெரியும்.”

“அக்கா!” ராம்கி தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டான். எழுந்தான். துண்டு கையிலிருந்து நழுவியது. ஓட்டின் மேல் ஒரு கால் வைத்தான். அடுத்த காலும் வைத்துவிட்டான். முகத்தில் பயமே இல்லை. அம்மா கூப்பிட்டுச் சாப்பிடப் போகிற பிள்ளையின் முகம்.

சூரியபிரகாஷ் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். ராம்கி பலசாலி, இழுத்துக்கொண்டே போனான். ஓடு விரிசல் விட்டது.

“சுபா,” என்றான் சூரியபிரகாஷ். எட்டு மாதமாக அந்தப் பெயரை அவன் வாய் சொன்னதில்லை. “இவன விட்டுரு. நானும் வரல. நீ போ.”

காற்று நின்றது.

மிக அருகில் இருந்த தடத்தில் தண்ணீர் ஊறி நிரம்பியது. பிறகு அதற்கடுத்தது. பிறகு அடுத்தது. யாரோ அவசரமில்லாமல் நடந்து போவதுபோல் ஒவ்வொன்றாக, தொலைவு வரை. கடைசியில் கண்மாய்த் தண்ணீரில் ஒரு சின்ன வளையம் விரிந்து அடங்கியது.

ராம்கி தொப்பென்று கரையில் உட்கார்ந்தான்.

“கை வலிக்குது மச்சான். விடுங்க.”

“வலிக்கட்டும்,” என்றான் சூரியபிரகாஷ். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது.