வலது தோளில் ஒரு சத்தம்

கையில் கிரீஸ் கன்னோடு முன்பக்கம் போய்க்கொண்டிருந்த டாக்டர் நடுவழியில் சட்டென்று நின்றார். பின்னாலேயே வந்த வெல்டர் அவர் முதுகில் மோதி, "என்னண்ணே, பிரேக் லைட் எரியாம நின்னா எப்படி?" என்றான். டாக்டர் திரும்பவில்லை. பேசாதே என்பதுபோல ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

மலையைக் குடைந்து பாதை போடும் அந்த இயந்திரம் ஒரு ரயில் வண்டி நீளம். அதன் முன்னால் மாடிவீட்டு உயரத்துக்கு ஓர் இரும்பு வட்டம். தலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது சுழன்று சுழன்று பாறையைச் சுரண்டும், சுரண்டிய கல் பெல்ட்டில் ஏறி வெளியே போகும். பம்புகளின் ரீங்காரம், பெல்ட்டின் படபடப்பு, மோட்டார்களின் உறுமல், எல்லாவற்றுக்கும் அடியில் பாறை அரைபடும் கரகரப்பு என்று உள்ளே எப்போதும் ஒரே இரைச்சல்தான். வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்தவருக்கு அது காதில் விழுவதே இல்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைப் பேச்சுபோல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்கு அதற்குள் அந்நிய ஆள் ஒருவன் புகுந்து உட்கார்ந்திருந்தான். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக். மறுபடி இடைவெளி.

அவர் படித்த டாக்டர் இல்லை, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். கழுத்தில் எந்நேரமும் ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்குவதால் வந்த பெயர். நெஞ்சில் வைக்கும் வட்டத்துக்குப் பதிலாக அதன் நுனியில் நீளமான இரும்புக் கம்பி இருக்கும். ஓடுகிற மோட்டாரின் மேல் அந்தக் கம்பியை ஊன்றி, கண்ணை மூடிக் கேட்பார். சத்தம் வந்தபின் ஓடுவது அவருக்குப் பிடிக்காது. தினமும் பணி தொடங்கும்போது ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்து, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, காய்ந்த இடத்துக்குக் கிரீஸ் கொடுத்து, சத்தம் என்று ஒன்று வராமலே வைத்திருப்பார். ஆகவே தன் கைக்குத் தப்பி ஒன்று வந்துவிட்டதே என்பது முதலில் ரோஷமாகத்தான் இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஏசி போட்டு, சுற்றிலும் திரைகளோடு உட்கார்ந்திருப்பார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். டாக்டர் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னதும் மச்சான் திரைகளைக் காட்டினார்.

"எல்லாம் பச்சைல இருக்கு மாப்ள. உனக்கு மட்டும் எங்கேர்ந்து சத்தம் கேக்குது?"

"முன்னாடிதான் மச்சான். பாறையக் கடிக்கும்போது."

"கடிச்சா சத்தம் வரத்தான் செய்யும். வீட்ல என் தங்கச்சியோட சண்டைன்னா அங்கயே முடிச்சிட்டு வா. என் மெஷின் மேல குத்தம் சொல்லாத."

மச்சானுக்குத் தன் இயந்திரம் நிற்காமல் ஓடுகிறது என்பதில் அப்படி ஒரு பெருமை. மலையின் மறுபக்கம் இன்னும் கொஞ்ச தூரம்தான், வெளிச்சம் பார்க்கும் நாளில் தானே ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அது தெரிந்தே டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பேரிங்கா இருந்தா?"

அந்தச் சுரங்கத்தில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை. தலை முழுவதையும் தாங்கிச் சுழல விடுவது அந்த ஒரே பேரிங்தான். அது போய்விட்டால் மலைக்குள் வைத்து மாற்ற வழியில்லை. இயந்திரம் அங்கேயே நிற்கும், பாதையும் அதோடு சரி. மச்சான் முகம் கறுத்துவிட்டது. "நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றார். ஆனால் கை தானாகப் போய் வேகத்தைக் குறைத்தது.

டாக்டர் சுவரில் இருந்த போனை எடுத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார். மச்சான் முறைத்தபடியே இருந்தார். பொறியாளர் டாக்டரைவிட வயதில் சின்னவள், அவசரப்படாதவள். வந்ததும் வராததுமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, எதெல்லாம் இல்லன்னு முதல்ல பாத்துடலாமா?"

அப்படியே பார்த்தார்கள். பாறையிலிருந்து தலையைப் பின்னுக்கு இழுத்து வெறுமனே சுழற்றினார்கள். சத்தம் இல்லை. பேரிங்கின் எண்ணெயை வடித்து, அதிலிருந்த காந்தத்தைத் துடைத்துப் பார்த்தார் டாக்டர். பேரிங் தேய்ந்திருந்தால் இரும்புத் தூள் மினுமினுப்பாக ஒட்டியிருக்கும். துணியில் கறைதான் படிந்தது, மினுமினுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தாற்போல மூவரும் மூச்சு விட்டார்கள். மறுபடி தலையைப் பாறையில் பதித்தார்கள். டொக். டொக், டொக்.

"வெட்டுற பல்லுல ஒண்ணு உடைஞ்சிருக்கும்" என்றார் மச்சான், இப்போது கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். தலைக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சுவரில் கம்பியை ஊன்றினார். உடைந்த பல் தலையோடு சேர்ந்து சுற்றும், சத்தமும் இடது, மேல், வலது, கீழ் என்று சுற்றி வரவேண்டும். இடது பக்கம் ஊன்றினார், மங்கலாகக் கேட்டது. கீழே ஊன்றினார், அங்கேயும் மங்கல். ஏணியில் ஏறி, வட்டத்தின் வலது மேல் பக்கம், தோள் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் ஊன்றியபோது காதுக்குள் சுத்தியலால் அடித்தாற்போல விழுந்தது. காத்திருந்தார். தலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. சத்தம் நகரவில்லை. ஒவ்வொரு பல்லும் அந்த இடத்துக்கு வரும்போதுதான் டொக். எந்தப் பல் வந்தாலும் டொக்.

அவர் ஏணியிலிருந்து இறங்காமலே, "தலை சுத்துது. சத்தம் சுத்தல" என்றார்.

"எனக்கும்தான் தலை சுத்துது. புரியற மாதிரி சொல்லு" என்றார் மச்சான்.

"இது மெஷின் சத்தமே இல்ல மச்சான். மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. எதிர்ல இருக்கிறதுதான் சத்தம் போடுது."

சொல்லிவிட்டாரே தவிர, அதன் அர்த்தம் அவருக்கே பிறகுதான் உறைத்தது. இத்தனை காலம் இரும்பைத்தான் அவர் கேட்டிருக்கிறார். அதற்கு அந்தப் பக்கம் கேட்பதற்கு ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பொறியாளர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். வலது தோளிலிருந்து பாறைக்குள் மெல்லிய துளை ஒன்று போடவைத்தாள். துரப்பணக் கம்பி சிறிது தூரம் முனகிக்கொண்டு போயிற்று. பிறகு வெண்ணெயில் இறங்கியதுபோலத் தடையே இல்லாமல் உள்ளே வழுக்கியது. கம்பியை உருவியதும் துளையிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த, ஈரமான காற்று. வாயு மீட்டரைப் பிடித்துப் பார்த்தாள், கெடுதலாக எதுவும் இல்லை. யாரும் எப்போதும் சுவாசித்திராத காற்று அது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். துளை போட உதவ வந்திருந்த வெல்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

தலைக்கும் பாறைக்கும் நடுவே போவதற்கு இரும்புச் சுவரில் ஆள்நுழை துவாரம் ஒன்று உண்டு. இயந்திரத்தைப் பூட்டி, சாவியைப் பொறியாளர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபின் டாக்டர் முதலில் ஊர்ந்து போனார், அவள் பின்னால். பாறை முகத்தில் பற்கள் கிழித்த வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, இசைத்தட்டின் கோடுகள்போல ஒழுங்காக இருந்தன. வலது மேல் பக்கம் மட்டும் கோடுகள் அறுந்திருந்தன. அங்கே ஒரு தாம்பாளம் அளவுக்குப் பாறை பெயர்ந்து இருட்டாக இருந்தது. ஒவ்வொரு பல்லும் வந்து இடித்த அதன் விளிம்பின் கனம் ஒரு சாண்கூட இல்லை. இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் மொத்தத் தலையும் மூக்குக் குப்புற உள்ளே விழுந்திருக்கும்.

டாக்டர் விளக்கோடு முகத்தை அந்த ஓட்டையில் வைத்தார்.

பனி என்றுதான் முதலில் நினைத்தார். எதிரே சுவர் முழுக்க வெள்ளை. விளக்கை அசைத்ததும் வெள்ளை முழுவதும் ஊசி ஊசியாகப் பற்றிக்கொண்டு மின்னியது. ஆள் உயரப் படிகங்கள், விரல் அளவுப் படிகங்கள், மயிரிழைபோல வளைந்து வளைந்து போகும் கல் நூல்கள். மேலிருந்து கல் திரைகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கின, சற்றுமுன் யாரோ இழுத்துவிட்டுப் போனதுபோல. கூரையைத் தேடி விளக்கை உயர்த்தினார், வெளிச்சம் போய்க்கொண்டே இருந்து நடுவில் தொலைந்துவிட்டது. கீழே தரை இருக்கும் என்று பார்த்தால் அதே திரைகள் தலைகீழாகத் தெரிந்தன. தண்ணீர் என்று புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது, அவ்வளவு அசைவற்று இருந்தது அது.

கம்பியை எங்கே ஊன்றி எதைக் கேட்பது? பழக்கத்தில் காதைத்தான் கொடுத்தார். ஒன்றும் இல்லை. அப்படி ஒரு ஒன்றுமில்லாததை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தன் இதயம் அடிப்பது கேட்டது, அதுவும்கூட இங்கே அத்துமீறல் என்று பட்டது.

"என்னண்ணே தெரியுது?" என்றாள் பின்னாலிருந்து பொறியாளர், ரகசியம் பேசுகிற குரலில்.

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் பார்த்தாள். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது அவள் கண்கள் நனைந்திருந்தன. "நான் படிச்சிருக்கேண்ணே, படம்லாம் பாத்திருக்கேன்" என்றாள்.

மச்சான் தொந்தியை எக்கிக்கொண்டு துவாரத்தில் நுழைந்ததை இன்னொரு நாளாக இருந்தால் ஷிப்டே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கும். பார்த்துவிட்டு வந்தவர் கூண்டுக்குள் போகாமல் வெளியே ஒரு கல்மேல் உட்கார்ந்தார். டீ கொண்டுவந்து கொடுத்த டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டே இருந்திருப்பேன்டா. மீட்டர் பச்சையாத்தான இருந்துச்சு" என்றார். டாக்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

மேலிடத்துக்குத் தகவல் போயிற்று. ஆட்கள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். குகையைச் சுற்றிப் பாதையை வளைக்க இடமில்லை, பாதை போகும் பக்கத்தைக் கான்கிரீட் ஊற்றி அடைக்க வேண்டும், அதற்கு அப்பால் குகை எவ்வளவு தூரம் போகிறதோ அது அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கோபப்பட இதில் யார்மேலும் தப்பில்லை என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனாலும் கான்கிரீட் பம்பைச் சரிபார்த்து வைக்கும் வேலை அவரிடம் வந்தபோது, முதல் தடவையாக ஓர் இயந்திரம் ஓடாமல் போகக் கூடாதா என்று நினைத்தார். நினைத்துவிட்டு, எப்போதும்போல ஒவ்வொரு மூட்டுக்கும் கிரீஸ் கொடுத்தார்.

அடைப்பதற்கு முன் விரும்புகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்க்கலாம் என்று பொறியாளர் அனுமதி வாங்கினாள். டாக்டர் தன் மனைவிக்காகக் கேட்டார். அவள் வேலை சுரங்க வாசலில், உள்ளே போகிறவர்களுக்கு எண் போட்ட வில்லை கொடுத்து, வெளியே வந்ததும் திரும்ப வாங்கிப் பலகையில் மாட்டுவது. இத்தனை பேரை உள்ளே அனுப்பியவள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. அன்றைக்கு அவளுடைய அண்ணன் வாசலில் உட்கார்ந்து அவளுக்கு வில்லை எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா திரும்பி வந்து குடுக்கணும், தொலைச்சா நீதான் பொறுப்பு" என்று அவள் எல்லோரிடமும் சொல்வதை அவளிடமே சொன்னார். அவள் சிரித்தாள்.

இயந்திரத்துக்குள் வந்தபின் அவள் சிரிக்கவில்லை. "இதுக்குள்ளயா தினமும் கெடக்கிறீங்க?" என்றாள். துவாரத்தில் ஊர்ந்து போகும்போது அவர் காலைப் பிடித்தபடியே வந்தாள். ஓட்டையை அடைந்ததும் அவர் விலகிக்கொண்டார். அவள் ஹெல்மெட் விளக்கு உள்ளே போயிற்று, படிகங்களின் வெளிச்சம் திரும்பி வந்து அவள் முகத்தில் அலைந்தது. எட்டிப் பார்க்க அவள் கையை ஊன்றினாள். விளிம்பிலிருந்து சிறு கல் ஒன்று பெயர்ந்து கீழே விழுந்தது. "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

தண்ணீரில் ஒரு வளையம் எழுந்தது. தலைகீழாக நின்ற வெள்ளைத் திரைகள் எல்லாம் மெல்ல நெளிந்தன. வளையம் விரிந்து, இன்னும் விரிந்து, அவள் விளக்கின் எல்லையைத் தாண்டி இருட்டுக்குள் போயிற்று. இருவரும் தோளோடு தோள் ஒட்டி, அது எங்காவது கரையைத் தொடும் சத்தம் கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.