வரிசையில் ஒரு விரல் இடம்

கடல்வழி மூடப்பட்ட செய்தி வானொலியில் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே, புத்தகக்கடையின் உலகப் பொருளாதார வரிசையிலிருந்து கடல்நீர் கசிந்தது. அதைத் துடைத்த கடைக்காரி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. அந்த ஊருக்கும் கடலுக்கும் ஒரு பகல் ரயில் தூரம். அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியது, பெட்ரோல் பங்கில் நின்ற வரிசை தெருமுனை திரும்பியது, பக்கத்து சலூனில் ஷேவிங் கிரீம் தீர்ந்து குளிக்கிற சோப்புக்கு மாறினார்கள். கடல்நீர் கசிந்ததும் இவற்றோடு ஒன்றாகத்தான் தெருவில் பேசப்பட்டது.

கடையை நடத்தியவளைத் தெருவே அக்கா என்று கூப்பிட்டது. கல்லூரிக்கு எதிரே கடை. கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். வருஷத்தில் பாதி தண்ணீரில் கழியும், மீதி வீட்டில் குறட்டையில் கழியும். புத்தகம் விற்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வரிசையை இறுக்கி அடுக்க மாட்டார்கள். எங்காவது ஒரு விரல் நுழைய இடம் விட்டுவைப்பார்கள், இல்லாவிட்டால் உருவும்போது அட்டையின் முதுகு கிழிந்துவிடும். அக்கா அந்த இடத்தை எப்போதும் ஒரே இடத்தில் விட்டாள். நாடுகளின் சண்டையையும் உடன்படிக்கையையும் பேசும் தடித்த புத்தகங்கள் முடிந்து, வியாபாரத்தையும் உலகமயமாக்கலையும் பேசும் புத்தகங்கள் தொடங்குகிற இடம் அது. ஏன் அங்கே என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, கை பழகிவிட்டது.

அதை மூடியவன் கொழுந்தன். கணவனின் தம்பி, நல்ல பிள்ளை, உடம்பில் இருந்த பலத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியாதவன். புது வகுப்புகளுக்கான பாடப்புத்தகங்கள் வந்திறங்கிய அன்று, மிஞ்சியவற்றை அந்தச் சந்தில் செருகி முழங்காலால் அழுத்தினான். "இப்பத்தான் அண்ணி பாக்க லட்சணமா இருக்கு. பல்லு விழுந்த வாய் மாதிரி விட்டு வெச்சிருந்தீங்க," என்றான். அக்கா சிரித்தாள்.

மறுநாள் வானொலி சொன்னது, இரண்டு நாடுகளுக்கு நடுவே கப்பல்கள் போகிற அந்த ஒடுங்கிய கடல்வழி அடைபட்டுவிட்டது என்று. கணவனின் கப்பல் அதன் வாசலில் நங்கூரம் போட்டு நின்றது. போனில் பேசியவன், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் டிராஃபிக்," என்றான். அடுத்த தடவை பேசும்போது குடிதண்ணீரை டம்ளர் கணக்கில் ஊற்றுகிறார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பேச்சை மாற்ற வெங்காய விலையைக் கேட்டான். அவன் ஒருநாளும் வெங்காய விலை கேட்டவனில்லை. அவள் பயந்துபோனாள்.

வரிசையில் இருந்து ஒரு புத்தகத்தைக்கூட உருவ முடியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து இழுத்தார்கள், அலமாரிதான் சுவரை விட்டு நகர்ந்து வந்தது. கல்லூரிப் பேராசிரியர் வந்தார். சந்து இருந்த இடத்தை ஒட்டி நின்ற சிவப்பு அட்டைப் புத்தகமே அவர் எழுதியதுதான். கடல்வழியை மூடினால் மூடுகிறவனுக்கே நட்டம், ஆகவே யாரும் மூட மாட்டார்கள் என்று அதில் ஓர் அத்தியாயம் முழுக்க விளக்கியிருந்தார். "எழுதினப்ப அப்படித்தாம்மா இருந்துச்சு," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, தன் புத்தகம் தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கையில் இழுத்தார். முதுகுத் துணி மட்டும் கையோடு வந்தது. தச்சர் அலமாரியை அறுத்துவிடலாம் என்றார். ரம்பத்தைப் பார்த்ததும் கசிவு அதிகமானது, அக்கா குறுக்கே நின்று வேண்டாம் என்றாள். அறுபடப் போவது எதுவென்று யாருக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு, இறுகிய மோதிரத்தைக் கழற்றுகிறவளைப் போல ஆள்காட்டி விரலில் சோப்பு தடவி, சந்து இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். நகம் பிளந்தது. நிறுத்தவில்லை. கடை மூடும் நேரத்துக்கு விரல் அடிவரை போயிருந்தது. அந்நேரத்து வானொலிச் செய்தியிலேயே, சிறு கப்பல்கள் ஒவ்வொன்றாக அனுமதிக்கப்படுவதாகச் சொன்னார்கள். பெருமூச்சு விட்டு விரலை எடுத்தாள். வரிசை படக்கென்று மூடிக்கொண்டது, செய்தி முடிவதற்குள் கடல்வழியும் மூடியது. திரும்பச் செருகினாள்.

அன்றிலிருந்து அலமாரி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, இடது கையால் வியாபாரம் செய்தாள். கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்று, "நீங்க போய் கொஞ்சம் படுங்க அண்ணி," என்று தன் விரலை வைத்தான். அவன் விரல் தடிமன், அவன் உட்கார்ந்த நேரத்தில் சின்ன எண்ணெய்க் கப்பல்கள் போயின. பேராசிரியரும் தன் பங்குக்கு வந்தார். பேனா பிடித்து மெலிந்த விரல். மீன்பிடிப் படகுகள் போயின. தெருவில் இதை வைத்து அவரைக் கேலி செய்தார்கள், அவரும் சிரித்துவிட்டு மறுநாள் வந்தார். ஆனால் கணவனின் கப்பல் பெரிது. எவர் விரலும் அதற்குப் போதவில்லை. வரிசையில் அதற்குப் பின்னால் நின்ற கப்பல்களெல்லாம் முந்திப் போவதை அவன் மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவள் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், கணவனின் கப்பலுக்கு முன்னால் போன கப்பல் தீப்பிடித்ததாக வானொலி சொன்னது. கடல்வழியின் இரு கரைகளிலிருந்தும் சுடுகிறார்கள். கொழுந்தனின் விரல்மேல் வரிசை நெருக்கியது, அவன் முகம் வெளுத்தது. அக்கா ஓடிவந்து அவன் விரலை ஒட்டித் தன் விரலையும் திணித்தாள். இரண்டு விரல் அகலம் பிறந்தது.

"எடுத்துடாதே."

"எடுக்க மாட்டேன் அண்ணி."

அவன் விரல் எலும்பு முறிகிற சத்தம் சலூன் வரைக்கும் கேட்டது. அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தொட்டி அலம்பிக் கவிழ்த்த மாதிரி கடல்நீர் கொட்டி, தரையில் இருந்த நோட்டுக் கட்டுகளை நனைத்தது. புத்தகங்களுக்கு நடுவே ஏதோ நீளமாக, நடுங்கிக்கொண்டே ஊர்ந்து போனதை இருவருமே உணர்ந்தார்கள். பிறகு போன் அடித்தது. "தாண்டிட்டோம்," என்றான் கணவன். அவள் அழுதாள்.

போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்கள், இவன் டீசல் மணத்தோடு வந்தான். பாதி உடம்பாகியிருந்தான். வாசலில் பையை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான், அவள் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கொழுந்தன் விரலில் கட்டோடு நின்றான். "வந்துட்டேனே, இனிமே எடுத்துடு," என்றான் கணவன். அவளும் அத்தனை நாளும் அதைத்தான் நினைத்திருந்தாள், அவன் வந்த கணமே எடுத்துவிடுவதென்று. ஆனால் அவன் கப்பலுக்குப் பின்னால் இன்னும் கப்பல்கள் நின்றன. அவற்றில் ஒன்றில் சமையல்காரனாக இருப்பவனின் மனைவி எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு ரயிலேறி வந்து, கடையின் ஓரத்தில் தன் விரலில் சோப்பு தடவிக்கொண்டு முறைக்காக உட்கார்ந்திருந்தாள்.

"கை கழுவிட்டு வாங்க," என்றாள் அக்கா. "நான் இன்னும் சாப்பிடல."

அவன் குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து, அவள் விரல் விலகுவதற்குள் தன் விரலை வைத்துக்கொண்டான். பிறகு, "ஒண்ணு போகுது," என்றான். அக்கா அந்தப் பெண்ணுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.