சோபாவுக்கு இலவம் பஞ்சு

அன்று அல்லிநகரம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: ஞானசிகாமணி, எழுபத்தொரு வயது, போடியில் முப்பது வருடம் இலவம் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி நடத்தியவர், வலது முழங்காலில் மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன், பக்கத்தில் கைத்தடி, மருமகள் பிரின்சி, கையில் ஸ்டேப்ளர் கன், துணி உரித்த சோபா, வாய் கட்டிய பஞ்சு மூட்டை ஒன்று. நான்கு மணிக்கு வரவேண்டியவள் மகள் ஜெபஷீலா, உத்தமபாளையத்திலிருந்து, காரோடு.

கார் அவரை ஏற்றிப் போகத்தான். சோபா குழி விழுந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் யார் எழுப்புவது? தன் வீட்டோடு வைத்துக்கொள்வதாக ஜெபஷீலா முடிவு செய்துவிட்டாள். யார் கையும் படாமல் அவராக எழுந்து காட்டினால் இங்கேயே இருக்கலாம் என்று ஒரே ஒரு சலுகை. மகள் வீட்டில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அங்கே டிவி ரிமோட் மருமகன் கையில்.

பிரின்சி லீவு போட்டு சோபாவைப் பிரித்தாள். இருக்கைக்கு ஆறு அங்குலக் கெட்டி ஃபோம் வைத்து ரெக்சினை இழுத்து அடித்தாள்.

"ஃபோமா? தூ! இதுல மனுசன் உக்காருவானா?"

"பஞ்சு வச்சா மறுபடி பள்ளமாயிரும் மாமா. சாயுற எடத்துக்கு வேணா உங்க பஞ்சு. உக்கார்ற எடம் என் இஷ்டம்."

உட்கார்ந்து பார்த்தார். உயரம் சரிதான். கால்தான் நம்பவில்லை. எழப் பார்த்து இரண்டு தடவை பாதியில் பொத்தென்று சோபாவிலேயே விழுந்தார். மூன்றாவது தடவை பிரின்சி தன்னையறியாமல் தோளைப் பிடித்தாள்.

"கை வைக்காதன்னேன்ல!"

"விழுந்தா ஜெபஷீலா மதினி என்னையத்தான வைவாக!"

அவர் உட்கார்ந்தபடியே இருக்க, அவள் முதுகுப் பக்கம் பஞ்சு அடைக்க ஆரம்பித்தாள். ஃபேன் நிறுத்தியாயிற்று, ஜன்னல் சாத்தியாயிற்று. மூட்டை வாய் திறந்திருந்தால் கதவு மூடியிருக்கவேண்டும். அது கிட்டங்கிச் சட்டம். வாசல் கதவைச் சாத்தினார்களே தவிர, தாழ் போடவில்லை.

ஜெபஷீலா இருபது நிமிடம் முன்னாலேயே வந்தாள்.

"அப்பா, பையக் கட்டிட்டீகளா?" என்று கதவை விரியத் திறந்தாள். அவளுக்கு முன்னால் ஆடிக் காற்று உள்ளே வந்தது. மூட்டை பொங்கியது. பஞ்சு விட்டத்துக்குப் போனது, அவள் கொண்டைக்குப் போனது, வாய்க்குள்ளும் போனது. மிச்சம் தெருவுக்குக் கிளம்பியது.

"ஏ கூறுகெட்டவளே, கதவு!"

கிட்டங்கியில் சுமைக்காரர்களை அதட்டிய குரல். குரல் போய்ச் சேருமுன் ஆளே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மகளை உள்ளே இழுத்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தினார். கைத்தடி சோபாவிலேயே சாய்ந்து கிடந்தது.

ஜெபஷீலா பஞ்சைத் துப்பினாள். "பிரின்சி, நீ தூக்கிவிட்டியா?"

பிரின்சி இரண்டு கையையும் காட்டினாள். ஒன்றில் ஸ்டேப்ளர் கன், ஒன்றில் பிடிப் பஞ்சு.

ஞானசிகாமணி அப்போதுதான் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் மேல்தாழைப் போட்டு, சாவியையும் ஒரு சுற்றுத் திருகினார்.