சிவப்பு விழாத அறிக்கை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஜியாயி நகரத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். நேற்று சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மருந்தாளுநர் யுன்-ரூ பொரிந்து தள்ளியதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'மூளை உறங்க, சிறுநீரகங்கள் மட்டும் விழித்திருந்து...' வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம்.

நேராகவே சொல்கிறேன். ஸ்கூட்டர் விபத்தில் தலையில் அடிபட்ட வென்-ஷியாங்குக்கு வயது இருபத்தொன்பது. தீவிர சிகிச்சையில் ஒன்பதாம் நாள். நுரையீரலில் கிருமித்தொற்று. சரியான மருந்துதான் ஏறுகிறது. நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை.

2

சிறுநீரகம் கெட்டால் கணினி சிவப்பில் காட்டும். வென்-ஷியாங்கின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிவப்பே இல்லை. அளவுக்கு மீறி உழைத்தால் காட்ட அதற்கு நிறம் கிடையாது. (தலையில் அடிபட்ட இளவயதினருக்கு இப்படி நேர்வதுண்டு. மருந்து வேலையைத் தொடங்குமுன் சிறுநீரோடு போய்விடும்.) யுன்-ரூ எட்டு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்கவைத்தாள். சிறுநீரகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் வென்-ஷியாங்கின் அக்கா மெய்-ஷுவான் அவளைப் பிடித்துக்கொண்டாள். "சிறுநீர் நல்லாப் போகுதாமே, தம்பி தேறிட்டான்தானே?"

யுன்-ரூவின் கண்கள் கல... [இங்கே அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.]

"அதோட மருந்தும் போகுதுக்கா. டாக்டர்கிட்டதான் போறேன்."

3

டாக்டர் ஷ்யூ சிரித்தார். "ஊரெல்லாம் சிறுநீரகம் வேலை செய்யலைன்னு அழுவாங்க. நீ வேலை செய்யுதுன்னு புகார் சொல்றே! அதுக்கும் ஒரு பச்சைப் பொட்டலம் வெச்சிடு, அடங்கிடும்."

(மிஷின்கள் மக்கர் பண்ணாது என்ற நம்பிக்கையில் நர்ஸ்கள் அவற்றின் மேல் வைக்கும் நொறுக்குத்தீனி.)

"மிஷின் கேக்கும், சிறுநீரகம் கேக்காது டாக்டர். மருந்தைக் கூட்டணும்."

"கூட்டி வலிப்பு வந்துட்டா? அடிபட்ட மூளைம்மா."

"ரத்தத்துல மருந்து எவ்வளவு நிக்குதுன்னு பாத்துப் பாத்துக் கூட்டுவோம். வலிப்பு வந்தா என் பேரை எழுதிக்குங்க. இப்ப நாம வைத்தியம் பாக்கறது அவனுக்கில்ல, கட்டில்ல தொங்கற சிறுநீர்ப் பைக்கு."

அவர் சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டார்.

4

முடிவு அ: காய்ச்சல் இறங்கி, வென்-ஷியாங் கண் திறக்கிறான்.

முடிவு ஆ: திறக்கவில்லை.

இரண்டையும் இன்று யுன்-ரூவிடம் வாசித்துக் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"நீங்க எழுதி முடிச்சுட்டுப் போயிடுவீங்க," என்றாள். "அவன் இன்னும் அஞ்சாம் படுக்கையில இருக்கான். ரெண்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும், வழி விடுங்க."

விட்டேன். இப்போது மணி ஒன்று ஐம்பது. முடிவு வேண்டுமென்பவர்கள் வந்து காத்திருக்கலாம். மெய்-ஷுவானுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.