கொசுப் பண்ணையில் ஒன்று குறைந்தது

கூண்டில் ஒரு கொசு குறைந்தது. குச்சி மறுபடி எண்ணினாள். மறுபடியும் குறைந்தது.

குச்சி என்பது அவளுடைய ஒல்லி உடம்பைப் பார்த்து ஆய்வகத்தில் யாரோ வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த ஆய்வகத்துக்கும் கொசுப் பண்ணை என்றுதான் பெயர். காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிற இடத்துக்கு வைக்கிற பெயரா இது? ஆனாலும் வாசலில் நிற்கிற காவலாளி முதல் இயக்குநர் வரைக்கும் எல்லார் வாயிலும் அதுதான்.

"அண்ணி," என்று இழுத்தாள். 

பண்ணைக்குப் பொறுப்பு அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. அறையின் மறுகோடியில் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார். "என்னம்மா, ராகம் இழுக்கிறே?"

"ஒண்ணு வெளியே இருக்கு."

நாத்தனார் குப்பியைக் கீழே வைத்தார். சுவரிலிருந்த பொத்தானை அழுத்தி வெளியே இருந்தவர்களிடம் பேசினார். "ஒண்ணு தப்பிச்சிருக்கு. நான் சொல்ற வரைக்கும் கதவுப் பக்கம் யாரும் வராதீங்க." காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அந்த அறையின் சட்டம் அது. தப்பித்த கொசு செத்தால்தான் கதவு திறக்கும். சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்திருப்பது கறுப்பாக ஒரு புள்ளி இருந்தாலும் கண்ணில் படத்தான். அந்தக் கூண்டுக் கொசுக்கள் அத்தனையும் காய்ச்சல் கிருமி ஏற்றியவை. சோதனைக்காக நேற்றிலிருந்து பட்டினி வேறு போட்டிருந்தார்கள். பெரியவர்களைக் கடித்தால் சில நாள் காய்ச்சல் வரும். அபூர்வமாகச் சிலருக்குக் கை கால் விழுந்துவிடும். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கடித்தாலோ, பிள்ளையின் மூளையைத்தான் அது தேடிப் போகும்.

குச்சிக்கு இப்போது நாலாவது மாதம்.

அது நாத்தனாருக்குத் தெரியாது. இரண்டு தடவை சந்தோஷமாக ஊரெல்லாம் சொல்லி, இரண்டு தடவையும் நிலைக்காமல் போய், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவள். இந்தத் தடவை புருஷனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் இந்த அறைக்குள் விடமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். மூன்று வருஷ உழைப்பு, இன்றைக்குக் கடைசிச் சோதனை, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். போக வேண்டாம் என்று புருஷன் காலையில்கூடச் சண்டை போட்டான். போய்த் தொலை என்று இவள்தான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். புத்தி கெட்டவள் என்று இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சின் வாடையில் குமட்டி, கூண்டின் வாய் வலையைக் கட்டும்போது அவள் ஒரு கையை எடுத்து வாயைப் பொத்தியிருந்தாள். அந்த ஒரு நொடியில்தான் அது நழுவியிருக்க வேண்டும்.

"பயப்படாதே. நான் அசையாம நிக்கிறேன். மூச்சுக் காத்து பட்டா தானா வரும். நீ அடி," என்று மின்சார மட்டையை அவள் கையில் திணித்தார் நாத்தனார்.

நின்றார். கொசு வரவில்லை.

"பாத்தியா, கொசுவுக்குக்கூட என்னைப் பிடிக்கல. என் ரத்தம் கசப்பு. என் வீட்டுக்காரர் எப்பவும் சொல்வார்," என்று சிரித்தார். "சரி, மாத்திக்கலாம். நீ நில்லு."

குச்சி நகரவில்லை.

"என்னடி?"

"அண்ணி, என்னால முடியாது."

"ஏன், உனக்கு மட்டும் தங்க ரத்தமா?"

குச்சியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அங்கே கோட்டின் கடைசிப் பொத்தான் போடாமல் திறந்திருந்தது. அதைப் போட முடியாமல் போய்ப் பத்து நாளாயிற்று. பொத்தானைப் பார்த்த நாத்தனார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"எத்தனை மாசம்?"

"நாலு."

"அடிப்பாவி! அறிவிருக்கா உனக்கு? படிச்சவதானே நீ? நாலு மாசமா இந்த எமன் கூட்டத்துக்கு நடுவுல..."  நேரே கதவை நோக்கிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். "வெளியே போ. சட்டமாவது மண்ணாவது. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

குச்சி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அண்ணி! அது என் துணியிலயே ஒட்டிக்கிட்டு வெளியே வந்துட்டா? பக்கத்துக் கட்டடம் பிரசவ ஆஸ்பத்திரி."

நாத்தனார் கைப்பிடியை விட்டார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். முகத்தை மூடிய வலையின் ஓரத்தைக் கழுத்துக்குள் செருகினார். மூலையில், சுவரில் முதுகு ஒட்ட நிற்க வைத்தார்.

"உங்க கை சும்மா இருக்கே அண்ணி!"

"கசப்புன்னு சொன்னேனில்ல? வாயை மூடிட்டுக் கூரையைப் பாரு. தெரிஞ்சா சொல்லு."

அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குச்சிக்கு அந்தப் பரந்த முதுகுதான் தெரிந்தது. தூங்கும்போதுகூடப் பேசுகிறவர் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த மனுஷி மூச்சுக் காட்டாமல் நின்றார். குச்சியின் காதோரம் மெல்லிய ரீங்காரம் ஒன்று வந்து போனது. உயிரே போயிற்று. இன்னொரு முறை நெருங்கிற்று, விலகிற்று. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கே போயிற்று? தன்மேல் உட்கார்ந்துவிட்டதா? முழங்காலில் அரித்தது போலிருந்தது. கழுத்திலும் அரித்தது. பயத்தில் உடம்பெல்லாம் அரித்தது.

"அதோ, சுவத்துல," என்றார் நாத்தனார். குச்சி மட்டையை நீட்டினாள். "அது எதுக்கு? எங்கேயும் போகாது." நிதானமாக நடந்துபோய் வெறும் உள்ளங்கையால் ஒரே அறை.

வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கறை.

குச்சி கறையை உற்றுப் பார்த்தாள். பட்டினிக் கொசுவின் வயிற்றில் ஏது ரத்தம்? "என்னைக் கடிச்சிடுச்சு அண்ணி," என்று சரிந்து உட்கார்ந்தாள். "முழங்கால்ல அரிச்சுது. என் பிள்ளை போச்சு."

"உளறாதே. அது என்..."

குச்சி காதில் வாங்கவில்லை. கொசு குடித்தது எந்த வகை ரத்தம் என்று பார்க்கிற மருந்துக் குப்பிகள் அந்த அறையின் குளிர்பெட்டியிலேயே இருந்தன. அவளுக்கு பி வகை, நாத்தனாருக்கு ஏ. இருவர் அடையாள அட்டையிலும் அச்சடித்திருந்தது. அடிபட்ட கொசுவை வழித்தெடுத்து உப்புத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் துண்டில் இரண்டு இடத்தில் இட்டாள். இடது பக்கம் ஏ மருந்து, வலது பக்கம் பி. எது திரிகிறதோ அந்த வகை. கண்ணாடியை மெல்ல ஆட்டினாள். வலது பக்கத்துச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரியாதே, திரியாதே என்று வாய்விட்டுக் கெஞ்சினாள்.

இடது சொட்டு கெட்டுப்போன பால் மாதிரி துகள் துகளாகத் திரிந்தது. வலது சொட்டு அப்படியே இருந்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அழுது முடிக்கிறபோதுதான் அது யாருடைய ரத்தம் என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் இடது மணிக்கட்டின் உள்பக்கம் காசளவுக்குத் தடித்திருந்தது. அந்தக் கையின் உறையைக் கழற்றி மேஜைமேல் மடித்து வைத்திருந்தார்.

"கடிக்கும்போது தெரியலையா அண்ணி?"

"தெரியாம என்ன? சுருக்குன்னுதான் இருந்துது."

"உடனே அடிச்சிருக்கலாமே!"

"அடிச்சுத் தப்பிச்சிருந்தா? பசியோட நேரா உங்கிட்டதான் வந்திருக்கும். வயிறு முட்டக் குடிச்ச கொசு யாரையும் தேடிப் போகாது. சுவத்துல போய் உக்காந்துடும். இது உனக்குத் தெரியாதா?"

குச்சிக்குத் தெரியும். கொசுப் பண்ணையில் முதல் நாளே எல்லாருக்கும் தெரிகிற விஷயம் அது.

கொசுதான் காய்ச்சலைப் பரப்புகிறது என்று யாருமே நம்பாத காலத்தில், அதை நிரூபிக்கத் தங்கள் கையையே கொசுவுக்கு நீட்டிய ஆராய்ச்சியாளர்களின் படம் ஒன்று வெளியே நடையில் தொங்கும். அதைக் கடந்து போகும்போதெல்லாம் நாத்தனார் தலையிலடித்துக்கொள்வார். சுத்தப் பைத்தியக்காரங்க என்பார்.

"சொல்லாதே," என்றார் இப்போது, அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தவராக. "அந்தப் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, தெரியும் சேதி."

குச்சி அழுதுகொண்டே அவரை நோக்கி வந்தாள். நாத்தனாரின் கை அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க நீண்டது. உள்ளங்கையில் இன்னும் அந்தக் கறை இருந்தது. கையைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லு," என்றார். "அது பிறக்கட்டும். அப்ப வந்து பாத்துக்கிறேன்."